ஐப்பசியில் ஹாரன்

காரைக்குடி ஆபீசில் மெஷினில் விரல் வைத்துவிட்டுப்
புதுவயல் போய்ச் சேர்வதற்குள் மூன்று மழை.
செஞ்சை தாண்டி ஒன்று. கண்டனூரில் ஒன்று.
மூன்றாவது, ரைஸ் மில் மதிலோடு கூடவே ஓடிவந்தது.
அதில்தான் ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது.

பொத்தான் மேல் என் விரல் இல்லை.
வேண்டுமானால் அந்த ஆட்டைக் கேளுங்கள்,
மதிலோரம் ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்தது.
சாவியைத் திருகினால் நிற்கும்,
வண்டியும் நிற்கும்.
ஆகவே அலறிக்கொண்டே போனேன்
குழுக்கடன் வசூலுக்கு,
மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி.

ஜபருல்லா பட்டறையில் இரண்டு முறை மாற்றியாயிற்று.
முந்நூற்றெண்பது, பிறகு நானூற்றுப் பத்து.
‘இந்த மழை ஆகாதுக்கா வண்டிக்கு’ என்றான்,
மழையை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்ததுபோல.
மூன்றாவது முறை நானே அடைத்தேன்.
விளிம்பு முழுக்க எம்சீல்,
அதன்மேல் பால் கவர், அதன்மேல் ரப்பர் பாண்ட்.
எறும்புகூட நுழையாது.
நான்காம் நாள் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை, வாடகை வீட்டு மாடிப்படிக்குக் கீழே,
எம்சீலைச் சுரண்டி இரண்டு ஸ்குரூவைக் கழற்றினேன்.
டிம்மரின் ஸ்பிரிங் துள்ளி ஓடியது,
பின்னாலேயே மிளகளவு ஒரு குண்டு.
ஒரு மணி நேரம் தேடினேன்.
செருப்புக்குள் இருந்தது.
உள்ளே செம்புத் தகட்டில் களிம்பு,
விளக்கி வைக்காத குத்துவிளக்கின் அதே பச்சை.
ஒரு சொட்டுத் தண்ணீர்
நான் பூசிய எம்சீலுக்கு அந்தப் பக்கம்,
போக வழியில்லாமல்
என்னையே பார்த்துக்கொண்டு.

அப்புறம்தான் வயரைக் கவனித்தேன்.
கண்ணாடிக் கம்பியில் விழுந்து
வயரைப் பிடித்துக்கொண்டு
படியிறங்குவதுபோல இறங்கியிருக்கிறது மழை.
நான் முன்வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தேன்,
அது கொல்லை வழியாக வந்து குடியிருந்தது.

உப்புத்தாளால் களிம்பு போகத் தேய்த்தேன்.
வெயிலுக்குப் பதில் தலை உலர்த்தும் மெஷின்.
பிறகு வாசலின், பாதவெடிப்புக்கு வாங்கியது,
மெல்லிசாக, எல்லா இடுக்கிலும்.
வயரை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினேன்,
சொட்டுவது சுவிட்சுக்கு முன்னாலேயே சொட்டட்டும் என்று.
மேலே உறையாக சைக்கிள் டியூபில் ஒரு துண்டு.
கடைசியாக, ஊசியைக் காய்ச்சி
அடியில் ஒரு துளை.
வருவதை எவ்வளவுதான் தடுப்பது.
வந்தது போகட்டும்.

செவ்வாய்க்கிழமை அடைமழை.
வண்டி வாயே திறக்கவில்லை.
மில்லுக்குப் பின்தெருவில் பூனைபோலப் போய் நின்றேன்.
பாண்டிமீனாள் வீடு திறந்திருந்தது.
மாதம் முழுக்கப் பூட்டோடு மட்டுமே பார்த்த கதவு.
மழையென்றால் களத்தில் நெல் காயாது,
நெல் காயாவிட்டால் கூலி இல்லை,
இது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்,
படிவத்தில் எழுதத்தான் கட்டம் இல்லை.
அவள் கையில் சோற்றுக் கரண்டி.
எழுந்திருக்கவில்லை.
முகம் மட்டும் எழுந்து
உள்ளே ஓடி எங்கோ ஒளிந்தது.

‘ஹாரன் கேக்கலையே’ என்றாள்.
‘சரி பண்ணிட்டேன்.’
‘நல்லா இருந்ததப் போயி...’
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
அரிசி டப்பாவிலிருந்து நூற்றைம்பது எடுத்துத் தந்தாள்.
நோட்டுகளில் தவிட்டு வாசனை.
மீதி எண்ணூற்று முப்பது என்று எழுதும்போது
பேனா ஒழுங்காகத்தான் எழுதியது.

அடுத்த செவ்வாய் நல்ல வெயில்.
சுவிட்ச் உள்ளே காய்ந்து, சுத்தமாக,
நான் சொன்னால் மட்டும் பேசுவதாக இருந்தது.
தெரு திரும்பும் முன் குழாயடியில் வண்டியை நிறுத்தி
பெருவிரலை வைத்து அழுத்தினேன்,
நீளமாக, விடாமல்,
தண்ணீர் புகுந்த மாதிரியே.

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து
ரசீதுப் புத்தகத்தில் நிதானமாகத் தேதி போட்டேன்,
தெருவுக்குள் எங்கோ
ஒரு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை.