இரண்டு அங்குலச் சாம்பல்

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி
பதினொரு கிலோ உப்புக்கண்டத்தைக்
கண்மாய்க் கரையில் குழி வெட்டிப் புதைத்தோம்.
ஆறு நாளாய் வெயில் இல்லை.
கயிற்றில் கோத்த கறி பிசுபிசுத்து,
பிறகு வாடை மாறி,
கடைசியில் நாயும் தலையைத் திருப்பிக்கொண்டது.
செசீலி மண்வெட்டியைக் கழுவியபடி சொன்னாள்:
"சூரியன நம்பிக் கடை வைக்க முடியாது.
நீ ஒரு பெட்டி செய்யி."

பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில்
அவளுடைய பீரோ நின்றது.
கல்யாணத்தன்று குட்டியானையில் சருகணிக்குப் போனது,
ஒன்பதாம் வருஷம் அதே வண்டியில் திரும்பியது,
அவளுக்கு இரண்டு நாள் முன்னால்.
டிரைவரும் அதே ஆள்தான்.
வாடகை மட்டும் ஏறியிருந்தது.

"அதையா?"
"தகடு என்ன விலைன்னு தெனமும் நீதான பொலம்புற?"

கண்ணாடியை முதலில் கழற்றினேன்.
உட்புறப் பச்சைப் பெயின்ட்டை
கிரைண்டரில் உரித்தேன், ஒரு பொட்டு விடாமல்.
பெயின்ட் புகைந்தால் கறிக்குள் போகும்.
ஜி.ஐ. தகடு மலிவுதான்,
நெருப்புப் பட்டால் துத்தநாகம் நெஞ்சைப் பிடிக்கும்; வேண்டாம்.
கறுப்புத் தகட்டில் உள்ளே இன்னொரு பெட்டி,
சுற்றிலும் இரண்டு அங்குலம் விட்டு.
முட்டுக் கொடுத்த ஆங்கிள் துண்டுகள் ஆறே ஆறு:
இரும்பு இரும்பைத் தொடும் இடமெல்லாம்
சூடு நடந்து வெளியே வந்துவிடும்.

அந்த இரண்டு அங்குலத்துக்கு எதைப் போடுவது?
காரைக்குடியில் கண்ணாடிப் பஞ்சு விலை கேட்டேன்.
டீ குடிக்காமல் பஸ் ஏறினேன்.
புதுவயலில் இருந்துகொண்டு இதற்கு ஒரு யோசனையா என்று
மில் பாய்லரில் நிற்கும் சிக்கந்தர் சிரித்தார்.
உமிச்சாம்பல்!
மலை மலையாய்க் கிடக்கிறது,
காற்றடித்தால் கொடித் துணியெல்லாம் கறுக்கிறது,
அள்ளிப் போகிறவனுக்கு முதலாளி கும்பிடு போடுவார்.
ஏழு மூட்டை.
சலித்து, பாய்லர் மேட்டில் ஈரம் போக்கி,
தட்டித் தட்டி இறக்கினோம்.
வெல்டிங்கில் நான் விட்ட ஊசித்துளை ஒவ்வொன்றும்
மூக்கு ஒழுகி என்னைக் காட்டிக்கொடுத்தது.

நகை லாக்கரை அவளே வெட்டச் சொன்னாள்.
அடியில் துளை போட்டு நெருப்புப் பெட்டி ஆக்கினோம்.
வளையல் இருந்த இடத்தில் கொட்டாங்கச்சிக் கரி,
அதன்மேல் கொய்யாக் கட்டை.
கதவோரத்துக்குப் பாய்லர்க் கயிறு,
உச்சியில் மூன்றங்குலப் புகைபோக்கி,
சிக்கந்தர் தந்த சூடு காட்டும் முள்.
சாவி பழையதுதான்; திருகினால்
முன்போலவே ஒருமுறை கிரீச்சிட்டுப் பூட்டுகிறது.

முதல் நாள் வெறும் பெட்டியை நாலு மணி நேரம் எரித்தோம்.
மறுநாள் ஒரு வெள்ளாட்டுத் தொடை.
கட்டை பச்சை, புகை வெள்ளை,
கறி வேப்பம்பட்டை.
தப்பு கறியில் இல்லை, புகைபோக்கியில்.
புகை உள்ளே தங்கக் கூடாது,
தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.
வாயை அகலமாக்கினேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, நல்ல மழை.
முள் எண்பதைத் தொட்டு அங்கேயே நின்றது.
நான் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
செசீலி வெறும் உள்ளங்கையைப் பக்கச் சுவரில் வைத்தாள்.
பிறகு முழங்கையை. பிறகு கன்னத்தை.
உள்ளே கொழுப்பு சொட்டிச் சீறுவது கேட்கிறது,
வெளித்தகடு எந்த மழைநாள் தகட்டையும்போல் சில்லிட்டிருக்கிறது.
ரொம்ப நேரம் அப்படியே சாய்ந்து நின்றாள்.
"யாருக்கும் தெரியாது, இல்ல?" என்றாள்.
நான் என்னத்தையாவது சொல்லி வைப்பதற்குள்
"மேல் பக்கம் சாம்பல் எறங்கியிருக்கும்,
நாளைக்கு நெரப்பிரு" என்றாள்.

ஆறாவது மணி நேரம் கதவைத் திறந்தோம்.
எலும்பை விட்டுக் கறி தானாகவே நகர்ந்தது.
ஸ்டேஷன் ரோடு மெஸ்ஸுக்கு
நாலு கிலோ எடுத்துவைத்தாள்,
சிக்கந்தருக்குத் தனியாக ஒரு பொட்டலம்.

பீரோக் கண்ணாடி பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
கிளம்பும்போது அதன்முன் குனிந்து
மூக்கு நுனிச் சாம்பலைத் துடைத்தாள்.
காதோரம் கொஞ்சம் இருந்தது.
நான் சொல்லவில்லை.