அரைக்கோடை, ஒன்பது கிராம்

பாவ்ஜி நகரத்துப் பழைய ஆஸ்பத்திரியில்
மருந்து நிறுப்பவன் நான்.
யாரும் என்னிடம் நோவைச் சொல்வதில்லை.
சீட்டு சொல்லிவிடும்.

அரைக்கோடை ஒன்பது கிராம்:
கோடை பாதி கழிந்ததும் தோண்டும் கிழங்கு,
பச்சையாய்க் கடித்தால் நாக்கு மரத்துப்போகும்.
தடித்த பட்டை. பைன் வேரில் திரளும் வெள்ளைப் பூஞ்சை.
இஞ்சி. ஊதா இலை கொஞ்சம்.
ஐந்தும் சேர்ந்து வந்தால் தெரியும்,
தொண்டையில் பிளம் கொட்டை.
எக்ஸ்ரேயில் விழாத கொட்டை.
விழுங்கவும் வராது, துப்பவும் வராது.

மியாவ் ஷூச்சின், நாற்பத்து மூன்று,
நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி.
எட்டுப் பல் தெரியச் சிரிக்க வேண்டுமாம்.
ஏழு தெரிந்தால் சம்பளத்தில் கைவைப்பார்கள்;
கண்ணாடிக்கு மேலே கேமரா எண்ணுகிறது.
லாரிக்காரன் சில்லறையை விட்டெறிந்தாலும் எட்டு.
அம்மா செத்த வாரத்திலும் எட்டு.

திரைக்கு அந்தப் பக்கம் துவான் டாக்டரிடம் சொன்னது
இந்தப் பக்கம் என் காதிலும் விழுந்தது.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
நெடுநேரம் கண்மூடியிருப்பார் அவர்.
'முறுக்கிக் கட்டிய தந்தி' என்பார் நாடியை.
கோபம் குடியிருப்பது கல்லீரலில்,
துக்கம் நுரையீரலில்;
வாசலை அடைத்துவிட்டு அடுப்பு மூட்டினால்
புகை எங்கே போகும் என்பார்.
கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே
ஓர் ஊசி.
அதற்கும் அவள் 'ஆ' என்றதில்லை.

ஆறு வாரம். வாரத்துக்கு ஏழு பொட்டலம்.
ஏழாவது வாரம்
தோல்பைக்காரன் ஒருவன் வரிசையில்
அவள் தோளை இடித்து முன்னே புகுந்து
'சீக்கிரம் நிறு' என்றான் என்னை.

அதன்பிறகு கேட்டதை எழுத முடியாது.
பாதி அவள் ஊர்ப்பேச்சு, பாதி வசவு,
இடையில் ஏதோ ஒரு லாரியின் எண்,
இடையில் அம்மா.
தராசுத் தட்டு தானாக ஆடியது.
துவான் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்,
டீயை ஒரு வாய் உறிஞ்சினார்,
சீட்டை வாங்கி
அரைக்கோடை ஒன்பதை அடித்து ஆறு என்று எழுதினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள்.
கால்மணி கழித்து வந்தாள், மூக்கு சிவந்து.
'பணம் கட்டியாச்சே, பொட்டலத்தைக் கொடு.'
சிரித்தாள். கீழ்வரிசை கோணல்.
எத்தனை பல் என்று நான் எண்ணவில்லை.

சாயங்காலம் தராசைத் துடைக்கும்போது
கணக்கு நோட்டை மேசையில் வீசினார் மேனேஜர்,
வழக்கம்போல்.
சரிங்க என்றேன், வழக்கம்போல்.
எச்சில் விழுங்கினேன்.
இன்னொரு தரம் விழுங்கிப் பார்த்தேன்.