ஏறும் வண்டிக்கு வழி

இரவு இரண்டு பத்து.
கொடைக்கானல் சாவடியில் பனி இறங்குகிறது,
ரசீது கேட்க முடியாத ஒரே பயணி.

பெயர்ப்பட்டையில் திலகராணி என்றிருக்கும்.
வேலை, பைகளைத் திறப்பது.
தண்ணீர் பாட்டில், ஈரத் துண்டு, சிப்ஸ்,
சில நாள் சாக்ஸுக்குள்
செய்தித்தாளில் மடித்த கஞ்சா.
என் பையை யாரும் திறப்பதில்லை.
அதில் பத்து மாத்திரை அட்டை,
நான்கு குழி காலி.

மாதம் இருமுறை மலையேறி வரும் டாக்டர் செலின்
ஓ.பி. சீட்டின் பின்புறம் வரைந்தார்,
இரண்டு மேடு, நடுவில் பள்ளம்.
"இந்தக் கரையிலிருந்து செரோடோனின் கிளம்பும்.
அந்தக் கரையைத் தட்டும்.
உடனே திருப்பிக் கூட்டிப்போக ஒரு வண்டி வந்துரும்.
மாத்திரை அந்த வண்டியை மறிக்குது.
இன்னும் கொஞ்ச நேரம் நின்னு பேசட்டுமேன்னு."
"அவ்வளவுதானா?"
"தெரிஞ்சது அவ்வளவு."

முதல் வாரம் குமட்டல்.
அந்தச் சரக்கு குடலில்தான் அதிகமாம்,
தலையில் கொஞ்சம்தானாம்.
பதினேழு வருஷமாய் இந்த வளைவுகளில்
வாந்தியெடுப்பவர்க்கு எலுமிச்சை நீட்டியவள்
நின்ற இடத்திலேயே ஓங்கரித்தேன்.

ஐந்தாம் வாரம் அழுகை நின்றது.
அதோடு வேறு எதெதுவோ.
டீயில் சூடு தெரிந்தது, டீ தெரியவில்லை.
பேரிக்காய் பருவம் வந்ததைத்
தோலைப் பெருக்கும்போதுதான் கவனித்தேன்.
திருப்பூர்ப் பையன் ஒருவன்,
மீசை சரியாக முளைக்கவில்லை,
இருபது கிராமுக்கு என் பூட்ஸைக் கட்டிக்கொண்டு கதறினான்.
நான் நேரம் எழுதினேன்.
கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.
அதுதான் பயம்.

சொன்னேன்.
டாக்டர் அதே படத்தில் எதிர்த்திசையில் ஓர் அம்பு போட்டார்.
"அந்தக் கரையும் சும்மா இல்ல.
தேவைப்படும்போது அங்கேயே ஒண்ணு தயாராகும்.
பள்ளத்தைத் தாண்டிப் பின்னால வந்து
'போதும், மெதுவா'ன்னு இந்தக் கரைக்குச் சொல்லும்.
அது தட்டுற கதவைத்தான் கஞ்சாவும் தட்டுது.
பேரு ஆனந்தமைடு."
"ஆனந்தமா?"
"நம்ம ஆனந்தம்தான்."

பதினேழு வருஷம் ஊரான் சாக்ஸில் நான் தேடியதை
என் மண்டைக்குள்
லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுகிறார்கள்.

"மாத்திரை அந்தக் கதவுகளையும் அசைக்குதுன்னு
எலிகள்ல பார்த்திருக்காங்க.
மனுஷங்கள்ல எந்தப் பக்கம், எவ்வளவுன்னு
யாரும் அடிச்சுச் சொல்ல மாட்டாங்க.
நீங்களா நிறுத்தாதீங்க. அளவை மாத்திப் பார்ப்போம்."
தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றுதான் கேட்டேன்.
ஏனோ அன்று தூங்கினேன்.

ஒன்பதாம் வாரம், அதாவது இன்று,
திண்டுக்கல்லிலிருந்து ஜெபஸ்டின் மோப்ப நாயோடு வந்திருக்கிறார்.
சரக்கு கிடைத்தால் டோரா குரைக்காது, உட்காரும்.
வேனைச் சுற்றியது.
டிக்கியை முகர்ந்தது.
என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்து
என் முன்னால் உட்கார்ந்தது.

ஜெனரேட்டர் சத்தம் மட்டும்.
"மேடம்..." என்றார் ஜெபஸ்டின், கயிற்றைப் பார்த்துக்கொண்டு.
பாக்கெட்டைக் கவிழ்த்தேன்.
கைக்குட்டை, மாத்திரை அட்டை, பாதி பன்.
டோரா பன்னைப் பார்க்கவில்லை.
என் தொப்பிக்குக் கீழே, நெற்றியைப்
பார்த்துக்கொண்டே இருந்தது.

சிரித்துவிட்டேன்.
இரவெல்லாம் பனியில் நின்ற ஜீப்
இருமி, அணைந்து, நாலாவது இழுப்பில் பிடிக்குமே,
அப்படி ஒரு சத்தம்.
வேனுக்குள் ஒரு குழந்தை விழித்துக்கொண்டது.

"பன்தான் மேடம்."
இருக்கலாம்.

பதிவேட்டில் எழுதினேன்:
நாய்ச் சோதனை. பொருள் ஏதுமில்லை.
'ஏதுமில்லை' கோணலாக விழுந்தது.
அடித்து எழுதவில்லை.

கீழ் வளைவில் கியர் மாற்றி முனகுகிறது
யாருடைய லாரியோ.
விளக்கு மட்டும் முதலில் வருகிறது, பனியைத் தள்ளிக்கொண்டு.
இறங்க அவசரப்படும் வேனை
ஓரமாய் நிற்கச் சொல்லிக் கை காட்டுகிறேன்.
மலையில் அதுதான் முறை.
ஏறி வருவது எதுவானாலும்
முதலில் அது போகட்டும்.