தன்மை ஒருமை

தாலின் நகர நீதிமன்றத்தில்
பத்தொன்பது வருடமாக
எல்லோருக்கும் 'நான்' நான்தான்.

விதி அப்படி.
சாட்சி ருஷ்ய மொழியில் நான் என்றால்
எஸ்தோனிய மொழியில் நானும்
நான் என்றே சொல்லவேண்டும்.
'அவர் சொல்கிறார்' என்று ஆரம்பித்தால்
எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

ஆக, திங்கள் காலை ஒன்பதேகாலுக்கு
மைத்துனனை நான் குத்தினேன்.
படகு எஞ்சின் தகராறு. மீன் அரியும் கத்தி.
வருத்தமா என்று கேட்டார்கள்.
இல்லை என்றேன்,
அவன் எவ்வளவு மெதுவாகச் சொன்னானோ
அவ்வளவு மெதுவாக.
செத்தவனின் தாய் அவனைப் பார்க்கவில்லை.
அவளுக்குப் புரிந்த மொழியில்
சொன்னவள் நான்தானே.

பதினொன்றுக்கு எனக்கு இரண்டு பிள்ளைகள்,
இருவரையும் அப்பாவே வைத்துக்கொள்ளட்டும்.
மதியத்துக்கு மேல்
நான் குடித்திருக்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே,
சாலைதான் வழுக்கியது.

எனக்காக நான் பேசவேண்டி வந்தால்
அதற்கும் விதி உண்டு:
"மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்கிறார்."
"மொழிபெயர்ப்பாளருக்குக் காதில் விழவில்லை."
தன்மை முழுக்க ஊராருக்கு.
எனக்கு மிஞ்சியது படர்க்கை.

முதல் சில வருடங்கள்
மாலையில் வாய் கொப்பளிப்பேன்.
இப்போது இல்லை.
கோப்லி டிராமிலிருந்து இறங்கினால்
கறுப்பு ரொட்டி விற்பவள்
எப்படி இருக்கிறாய் வைகே என்கிறாள்.
நன்றாக இருக்கிறேன் என்கிறது வாய்,
வினைமுற்று பிசகாமல்.
ஹாப்சலுவிலிருந்து மாமியார் அழைத்தால்
மருமகள் பேசுகிறாள்.
பள்ளிக்கூடத்தில் ஒரு தாய்
கையெழுத்துப் போடுகிறாள்.
எல்லாம் பிழையில்லாத மொழிபெயர்ப்பு.
மூலப்பிரதி எங்கே என்று
ஒருவரும் கேட்டதில்லை.

நேற்று இரவு
புகைமீனின் முள்ளை எடுத்தபடி
எண்டல் கேட்டான்:
நீ வேலையை விடலாம், விடாமலும் இருக்கலாம்.
சாரேமா தீவில் அந்த வீட்டை வாங்கலாம்,
வாங்காமலும் இருக்கலாம்.
உனக்கு என்ன வேண்டும்?
உனக்கு.

காத்திருந்தேன்.
பழக்கம்.
யாராவது முதலில் சொல்லி முடிக்கட்டும்,
பிறகு சொல்லலாம் என்று.
ஃப்ரிட்ஜ் ஓடி நின்றது.
கீழ்வீட்டில் குழாயை மூடினார்கள்.
அவன் ஒரு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்,
பிறகு இன்னொன்றை.
சாட்சிக் கூண்டில்
யாரும் ஏறவில்லை.

கடைசியில் ஒரு குரல்,
மரியாதையாக, தெளிவாக:
"மொழிபெயர்ப்பாளர்
கேள்வியை மறுபடி சொல்லும்படி
கேட்டுக்கொள்கிறார்."

எண்டல் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து.
நானும்
அவன் சிரித்த அளவுக்குச் சிரித்தேன்.