தலைக்கு நாற்பத்தைந்து லிட்டர்

அமராவதிபுதூர் தாண்டிய செம்மண் பொட்டலில்
இன்னும் வராத பன்னிரண்டாயிரம் பேருக்குக்
கழிவுநீர்க் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தலைக்கு நாற்பத்தைந்து லிட்டர்.
அலுவலக நேரத்துக்கு மட்டும், என்கிறது விதிப்புத்தகம்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்
என்ன எழுதுவார்கள், யாரைத் திட்டுவார்கள்,
எனக்குத் தெரியாது.
எத்தனை மணிக்கு எழுந்து போவார்கள், தெரியும்:
பதினொன்றரை. அப்புறம் நாலு.
குழாயின் விட்டம் அதற்குத்தான்.

டேப்பின் மறுமுனையிலிருந்து சேவுகன் கேட்டார்:
"போக்குக்கால் ஆச்சு மேடம்,
வரத்துக்கால் எங்க?"

வரைபடத்தில் ஊருணி ஒரு நீல முட்டை.
நேரில், அதன் நட்டநடுவில்
பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.

பென்சிலைக் காதில் செருகினேன்.
பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது.
சேவுகன் எடுத்து எறிந்தார்.
டேப் விரிக்காமலே சொல்வேன்,
நாற்பது மீட்டர்.