நள்ளிரவுக்குச் சற்று முன்

நியூஃபவுண்ட்லாந்து, 1949

ஏப்ரல் ஒன்றாம் தேதி நாடு கைமாறினால்
ஊர் சிரிக்கும் என்று
யாருக்கோ உறைத்திருக்க வேண்டும்.
மார்ச் முப்பத்தொன்று, பன்னிரண்டு அடிக்கும் முன்பே
நாங்கள் கனடா ஆகிவிட்டோம்.

நான் தூங்கிக்கொண்டிருந்தேன்,
தபால் நிலையத்தின் பின்னறையில்
காலுறையைக் கழற்றாமல்.

விடிந்தபோது குடாவில் அதே பனிக்கட்டி.
தபால்தலைப் பெட்டியைத் திறந்தேன்.
காட் மீன் ஒரு சென்ட்,
கரிபு மான் ஐந்து,
சீல் குட்டி பதினைந்து.
தீரும்வரை விற்கலாம் என்றது தந்தி.
இல்லாத நாட்டை எச்சில் தொட்டு ஒட்டி
இருக்கிற நாட்டுக்குள் அனுப்பினேன்.
கடிகாரத்தைத் திருத்தச் சொல்லி ஒன்றும் வரவில்லை;
அந்த அரை மணி நேரத்தை
எங்களிடமே விட்டுவிட்டார்கள்.

இது முதல் தடவையும் இல்லை.
பதினைந்து வருடம் முன்பு கடன் கழுத்தை நெரித்தபோது
எங்கள் சட்டசபையே வாக்களித்து
எங்கள் சட்டசபையின் விளக்கை அணைத்தது.
கமிஷன் ஆண்டது.
ஓட்டுப்பெட்டியில் பள்ளிக்கூடத்தார்
சுண்ணாம்புக்கட்டி போட்டு வைத்தார்கள்.

அசரயா கீப்பிங்குக்கு நாடு என்றால் உயிர்.
கோடை முழுதும் பிடித்த மீன்
ஸ்ட்ரிக்லண்ட் கடைக்குப் போகும்.
குளிருக்கு மாவும் மொலாசஸும் வரும்.
பேரேடு நேராகும்; கையில் காசு இராது.
அந்தப் பேரேட்டில் ஏறாத ஒரே சொத்து
நாடுதான் அவனுக்கு.

இரண்டு வாக்கெடுப்பு.
நூற்றுக்கு ஐம்பத்திரண்டு.
ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள்கூட
எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் முதல் நாள்
பாய்மரத்தில் கறுப்புத் துணி கட்டினான்.
செலீனாவின் பழைய பாவாடை.
கேட்டான், கொடுத்தாள்.
கிழிசலைத் தைத்துக் கொடுத்தாள்.

பிறகு உறைகள் வந்தன.
பிள்ளைகளுக்கான பணம்,
தலைக்கு இவ்வளவு என்று, மாதாமாதம்.
அசரயாதான் வாங்க வந்தான்.
பெயரைப் பார்த்தேன்.
"உனக்குத் தர முடியாது," என்றேன்.
"என் பிள்ளைகள்தானே?"
"உன் பெயர் இல்லையே."

வாசலில் போய் நின்றான்.

செலீனா வந்தாள், முழங்கை வரை மாவு.
ஏழு பிள்ளை பெற்றவள்
தன் பெயரை எழுத
அவ்வளவு நேரம் எடுத்தாள்.
நாக்கு நுனி வெளியே தெரிந்தது.
"ஸ்ட்ரிக்லண்டிடம் போய்த்தான் மாற்றணுமா?"
"வேண்டாம், இங்கேயே தருகிறேன்."

எண்ணி வைத்தேன்.
அவளும் எண்ணினாள், மறுபடி எண்ணினாள்,
ஒரு நாணயத்தைப் பின்னால் தள்ளினாள்.
"ஒரு சீல் குட்டி கொடு."

"யாருக்குக் கடிதம்?"

"கடிதம் இல்லை,"
என்று ஜன்னல் பக்கம் பார்த்தாள்.
வெளியே அவன்
ஒரே பனிக்கட்டியை
உதைத்துக்கொண்டே இருந்தான்.