அறுபத்திரண்டாவது மூட்டை

பாலாடாவில் எல்லோருக்கும் தெரியும்
நான் எழுதுகிறவள் என்று.
எத்தனை மூட்டை, யாருடைய தோட்டம்,
எந்த வண்டி, என்ன வாடகை.
கேரட் கழுவும் மெஷின் இரவு பதினொன்றுக்கு உறுமத் தொடங்கினால்
விடியும்வரை எழுதுகிறவள்.

மற்றது ஜெபமாலைக்கு மட்டும் தெரியும்.
"கதை எழுதுற நேரத்துக்கு
ரெண்டு ஸ்வெட்டர் பின்னியிருக்கலாம்" என்பாள்.
தப்பில்லை.
ஸ்வெட்டரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

போன ஆனியில் ஒரு கதை அச்சில் வந்தது.
வாசுகியில் துணைக்கால் உதிர்ந்து
வசுகி என்றிருந்தது.
ஏழு பக்கமும் நொண்டியபடி நடந்திருந்தேன்.
ஊட்டி பஸ் ஸ்டாண்டில் மூன்று பிரதி வாங்கினேன்.
வீட்டில் இவர் புரட்டிப் பார்த்துவிட்டு
"பக்கத்துக்கு எவ்வளவு?" என்றார்.
கேட்டாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது,
ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை.

சொற்கள் வருகிற நேரம் அவற்றுக்கே வெளிச்சம்.
ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தி
பேனாவும் தாளுமாய் உட்கார்ந்தால்
காதுக்குள் பால் பாக்கி, பிள்ளையின் ஃபீஸ்.
கை நிறைய மீன் செதிலாய் இருக்கும்போது
முழுசாக ஒரு வாக்கியம், முற்றுப்புள்ளியோடு
வாசலில் வந்து நிற்கும்.
கையைத் துடைத்துவிட்டு வருவதற்குள்
வேறு வீடு பார்த்துப் போய்விடும்.

அன்றைக்குத் தை மாதம், இரவு இரண்டு மணி.
உறைபனி. பேனாவில் மை இறங்கவில்லை.
உள்ளங்கையில் உருட்டினேன், வாயால் ஊதினேன்,
பேரேட்டில் வெறும் பள்ளம்தான் விழுந்தது.
போனில் உயிர் இல்லை.
பெள்ளிராஜின் பிக்கப் நின்றிருந்தது
முன்கண்ணாடி முழுக்க வெளுத்து,
கோடு போடாத தாள் மாதிரி.
விரல் நகத்தால் எழுதினேன்:

பனி விழுந்த புல்
யாரையும் கேட்காமல்
நரைத்துவிட்டது.

நகக்கண் எரிந்தது.
இரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்த்தேன்.
என் கையெழுத்து இவ்வளவு பெரிதாக
எங்கும் நின்றதில்லை.

"அக்கா, லோடு!"
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது,
டீக்கடையிலிருந்து ஒரு ஜக் வெதுவெதுப்பான தண்ணீர்,
வைப்பர் இடமும் வலமும்,
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.
வண்டி கடைசித் திருப்பத்தில் மறைந்தபோது
பனி ஞாபகம் இருந்தது, புல் ஞாபகம் இருந்தது,
நடுவில் இருந்தது கழன்று போயிருந்தது.

காலை ஏழரைக்கு
மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து போன்.
"அக்கா, அறுபத்தொண்ணுதான் இருக்கு."
"அறுபத்திரண்டு. எழுதியிருக்கேன்."
"எழுதினா ஆச்சா, மூட்டை வேணுமே."
கத்தினேன். பேரேட்டை விரித்துக் காட்டினேன்
போனுக்குக் கண் இருப்பதுபோல.
வைக்கப் போனவன் நிறுத்திக் கேட்டான்:
"கண்ணாடியில கிறுக்கினது நீங்கதானே?
பனி விழுந்த புல்லு
யார்கிட்டயும் சொல்லாம நரைச்சிருச்சுனு.
பர்லியார் வரைக்கும் அதையே முனகிட்டு வந்தேன்.
எங்க பெரியக்கா ஞாபகம் வந்துச்சு."

அது சொல்லாமல் இல்லை தம்பி, கேட்காமல்
என்று வாய்வரை வந்தது.
யாரையும் கேட்காமல்.
யாரிடமும் சொல்லாமல்.
இரண்டையும் நாக்கில் வைத்து நிறுத்துப் பார்த்தேன்,
தராசு பக்கத்திலேயே பிழைக்கிறவள்தானே.
அவனுடையதில் கனம் கூட.

மூட்டைக்குச் சண்டை போட்டவள்
சொல்லுக்குப் போடவில்லை.

முதலாளி ஒரு மூட்டைப் பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
ஜெபமாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"ஒத்தச் சொல்லுக்கு ரெண்டாயிரமா?
இவ்வளவு விலையில நீ எழுதினதே இல்லையே!"
நானும் சிரித்தேன். பிறகு
ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் அழுதேன்.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
அவன் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.
அடுத்த வரி நாலு நாளாக வரவில்லை.
சொல்லாமல் நரைத்த புல்
வெயில் வந்ததும் என்ன செய்தது?
இன்றிரவு வண்டி வரட்டும்,
பெள்ளிராஜைத்தான் கேட்க வேண்டும்.